இரண்டரைக் கோப்பை ஓட்டம்

குப்பை வண்டியில் வேலை பார்க்கிறவர்களில் கையில் தழும்பு இல்லாதவர் கிடையாது. என் இடது உள்ளங்கையில் இருப்பது மூங்கில் குச்சி குத்தியது. சுட்ட இறைச்சியைச் செருகி விற்பார்களே, அந்தக் குச்சி. பைக்குள்ளிருந்து முனை நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கை வீங்கிக் கிடந்தது. கட்டுப் போட்ட கையோடுதான் வண்டியின் பின்படியில் நின்று பைகளை வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், ஆறாவது நிறுத்தத்தில் வந்த பைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. குச்சிகளின் முனைகளையெல்லாம் ஒடித்து, காலிப் பால் டப்பாவுக்குள் போட்டு, வாயை ஒட்டியிருந்தார்கள். உடைந்த கிண்ணம் ஒன்றைச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு மையில் "கண்ணாடி. கை பத்திரம்" என்று எழுதியிருந்தது. தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்ட எனக்கும் சட்டென்று படிக்க வருகிற மாதிரிப் பெரிய எழுத்து. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பையை நீட்டிவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் சந்துக்குள் விறுவிறுவென்று போய்விடுகிற பெண் அவள். பெயர் சுன்தாவ். வயது நாற்பத்திநாலு. குச்சியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறாவது நிறுத்தம் வரும்போது என் கண் அவளைத் தேடும்.

தைபெய்க்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கீலுங், மலையும் துறைமுகமும் மழையும் சேர்ந்த ஊர். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் எங்கள் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவரவர் கையாலேயே கொடுக்க வேண்டும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி கிடையாது.

சுன்தாவுக்கு அந்தப் பாட்டுதான் வாசற்கதவு. அவள் கணவன் போஷெங் வியட்நாமில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டில் எண்பத்தொரு வயது மாமியார். ஆறு வருடத்துக்கு முன்னால் சுன்தாவ் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அந்த அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கடையில் கூட்டம். அவள் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஈரத் தரையில் கிடந்தபடி மருமகள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனதாம். அன்று பிடித்த பயம் அந்த அம்மாவை விடவில்லை. வேற்று ஆளை வேலைக்கு வைக்கவும் சம்மதிக்கவில்லை.

அதனால் வீட்டில் ஒரு கணக்கு வந்தது. எங்கள் ஊர் மின்குக்கரில் வெளிப்பானையில் தண்ணீர் ஊற்றி, உள்பானையில் சமைப்போம். வெளியே ஊற்றிய தண்ணீர் வற்றியதும் பொத்தான் 'டக்'கென்று எழும்பும். ஒரு கோப்பை ஊற்றினால் இருபது நிமிடம் ஓடும். சுன்தாவ் ஒரு கோப்பை ஊற்றிப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். 'டக்' சத்தம் கேட்கும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். காய்கறி வாங்குவது, மருந்து வாங்குவது, குப்பை கொடுப்பது எல்லாம் ஒரு கோப்பைத் தண்ணீருக்குள். ஆறு வருடமாக.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நிஜமாகவே வண்டியைத் தவறவிட்டாள். நாங்கள் ஏழாவது நிறுத்தத்தைத் தாண்டி எட்டாவதை நெருங்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு மலைச் சாலையில் ஓடி வருகிறாள்.

"மீன் குடலு, அக்கா," என்றாள் மூச்சு வாங்க. "நாளைக்கு வண்டி இல்லையே. இத ரெண்டு நாள் வீட்ல வச்சிருந்தா மாமியார் என்னையும் சேத்து உங்க வண்டில போட்டுருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பையைக் கொடுத்த பிறகும் போகாமல், இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரமும் தவறவிட்டாள். அதற்கடுத்த வாரம் மூன்று முறை. எங்கள் ஓட்டுநர் லாய் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்துவார். "பின்னால உன் ஆளு வருது பாரு. அந்தம்மாவுக்கு என் வண்டி மேல காதலா, உன் மேல காதலா?"

"உன் மூஞ்சி மேல இல்ல, அது மட்டும் நிச்சயம். முன்னால பாத்து ஓட்டு," என்பேன்.

ஆகஸ்ட்டில் நகராட்சிக்காரர்கள் எங்கள் வண்டியின் பக்கவாட்டில் ஒரு பதாகை கட்டினார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போட்டி, துறைமுகத்தில் தொடங்கி, கடலோரச் சாலை வழியாக இருபத்தொரு கிலோமீட்டர். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே எங்கள் பின்னால் ஓடி வந்தவள் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, இருபத்தொண்ணு கிலோமீட்டர்னா நம்ம வண்டிக் கணக்குல எவ்ளோ தூரம்?"

லாய் தலையை வெளியே நீட்டிச் சொன்னார். "உங்க சந்துல இருந்து பதினாலாவது நிறுத்தம், அந்த குவான்யின் கோயில் வாசல், போய்ட்டுத் திரும்பினா ஏழு கிலோமீட்டர். அத மூணு தடவ போய்ட்டு வா. நாக்கு வெளிய வந்துரும்."

"உனக்கு எதுக்குமா அதெல்லாம்?" என்று நான் கேட்டேன்.

அவள் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "ஆறு வருஷமா எங்க போனாலும் திரும்பி வர்றதுக்காகவே போறேன் அக்கா. பாதியிலேயே கால் திரும்பிக்குது. ஒரே ஒரு தடவ, நேரா போய் ஒரு இடத்துல முடிக்கணும். அவ்ளோதான்."

அடுத்த வாரமே பேர் கொடுத்துவிட்டாள்.

அன்று முதல் தினமும் பையோடு சேர்த்து ஒரு செய்தியும் வரும். வண்டி ஒரு நிறுத்தத்தில் நிற்பது இரண்டு நிமிடம்தான். அவளுக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் சொல்லி முடிப்பாள். "இன்னைக்கு ஒன்பதாவது நிறுத்தம் வரைக்கும்." "இன்னைக்கு ஒண்ணேகால் கோப்ப." "கால் நகம் கறுத்துப் போச்சு, மாமியார் கேட்டாங்க, கதவு இடிச்சிருச்சுன்னேன்." "போஷெங் போன் பண்ணாரு, மூச்சு வாங்குதே என்னன்னாரு, துணி தொவச்சேன்னேன்." நாங்கள் நிற்கும்போது அவள் நிற்க மாட்டாள். பையோடு எங்களைத் தாண்டி ஓடுவாள். பிறகு நாங்கள் அவளைத் தாண்டுவோம். கடைசியில் எந்த நிறுத்தம் வரை வருகிறாளோ அங்கே பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவாள். புதனும் ஞாயிறும் செய்தி இருக்காது. வியாழக்கிழமை வந்து, "நேத்து பூரா சமையலறையில நின்ன எடத்துலயே குதிச்சேன், கீழ் வீட்டுக்காரர் கட்டையால தட்டினாரு," என்பாள்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினாள். செப்டம்பரில் ஒன்றரைக் கோப்பை. நவம்பரில் இரண்டு. டிசம்பரில் இரண்டரை ஊற்றி, பதினாலாவது நிறுத்தத்தைத் தொட்டுத் திரும்பினாள். அதற்கு ஏற்ற மாதிரிச் சமையலும் மாற வேண்டியிருந்தது. இரண்டரைக் கோப்பை வற்றும் வரை வேகிற பொருள் வேண்டுமே. பன்றி எலும்பும் முள்ளங்கியும் போட்ட சூப்பாகவே தினமும் வைத்தாள்.

மூன்று மணி நேரத்துக்கு எந்தச் சூப்பும் போதாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டும் கிடையாது. போட்டி நாளில் எப்படி வீட்டைவிட்டு இறங்குவது என்பதுதான் அவள் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தது. என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஞாயிறு எனக்கு விடுமுறை, நான் வந்து அந்த அம்மாவோடு உட்கார்ந்துகொள்கிறேன், நீ போ என்றேன்.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றது, அக்கா? தைபெய்க்கு மூட்டு வைத்தியரப் பாக்கப் போறேன்னு சொல்லலாமா?"

ஒரு வயதானவரை ஏமாற்றி உட்கார்வதா என்று எனக்கு மனது இடித்தது. கோயிலுக்குப் போய், குவான்யின் தாயிடம் கேட்டேன். இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்து, "பொய் சொல்லலாமா தாயே," என்று தரையில் போட்டேன். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்து விழுந்தால் தாய் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் சிரித்தாள். பொய் வேண்டாம், உள்ளதைச் சொல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் எதற்குச் சிரித்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, கோயிலில் படைத்த ஆரஞ்சுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. மாமியார் கைத்தாங்கி நடைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு நீ?"

"குப்பை வண்டில நிக்கிறவ, பெரியம்மா."

"பாட்டுக்காரியா. வா, உக்காரு. இப்பல்லாம் உன் வண்டி ரொம்ப நேரம் நிக்குதாமே."

நான் சுன்தாவைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"சூப்புல எலும்பே கரைஞ்சு போயிருது," என்றார் அந்த அம்மா. "பல்லு இல்லாதவளுக்கு நல்லதுதான். ஆனா இவ என்ன தேடி அத்தன நேரம் வேக வைக்கிறான்னுதான் தெரியல."

சுன்தாவ் தேநீர் எடுக்க உள்ளே போனாள். கோயிலில் குவான்யின் தாய் சிரித்தது நினைவுக்கு வந்தது. சுன்தாவ் சொல்லத் தயங்குவதை நானே நல்லபடியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, அடுத்த ஞாயித்துக்கிழம உங்க மருமக ஓடப்போறா. நீங்க கவலப்படாதீங்க. நான் வந்து உங்களப் பாத்துக்கறேன்."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஓடுவதற்கும் ஓடிப்போவதற்கும் ஒரே சொல்தான். வாயைவிட்டு வந்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த அம்மா வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "யார்கூட?"

"நெறைய பேருகூட, பெரியம்மா. ரெண்டாயிரம் பேரு வருவாங்கன்னு சொல்றாங்க."

"எம் மகனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலயாம்."

கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை அவர் மடியில் விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. வயதானவர்களுக்குச் சட்டென்று களைப்பு வரும் என்று நினைத்துக்கொண்டு, நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். படியிறங்கும்போது நல்ல காரியம் செய்த சந்தோஷம்கூட இருந்தது.

மறுநாள் ஆறாவது நிறுத்தத்தில் சுன்தாவ் ஓடவில்லை. செருப்புக் காலோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னீங்க, அக்கா?"

நான் சொன்னதை அப்படியே சொன்னேன். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பின்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா இரவு சாப்பிடவில்லை. மகனைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டி போகப் போகிறாள், குப்பைக்காரி வந்து நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனாள் என்று அழுதிருக்கிறார். சுன்தாவ் ஓட்டப் போட்டியின் எண் அட்டையைக் காட்டி விளக்கியிருக்கிறாள். போஷெங் தொலைபேசியில் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, "இந்த வருஷம் வேணாமே. அம்மா பயந்துட்டாங்க. இந்த வயசுல ஓட்டம் எதுக்கு," என்றாராம். மாமியார் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். ஆனால் காலையில் சுன்தாவின் ஓட்டக் காலணிகளைக் காணோம். அவருடைய போர்வைக்குள் இருந்தன.

"என்னால எடுக்க முடியல அக்கா. ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு இருக்காங்க."

என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒரு கோப்பைத் தண்ணீர்தான். பை வரும், செய்தி வராது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின ஞாயிறு, ஊரே வீடு கழுவிப் பழையதைக் கழிக்கும் நாள் என்பதால், யாருக்கும் விடுமுறை இல்லை, வண்டிகள் மூன்று நடை போக வேண்டும். போட்டி நாளும் அதே ஞாயிறு. நான் சொல்லாமலே இருந்திருப்பேன். லாய்தான் அவளிடம் சொல்லிவிட்டார்.

சுன்தாவ் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கிழம பாட்டு வருமா?"

"காலைல ஏழு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஆறு," என்றேன்.

"மூணு தடவ. மூணு ஏழு இருபத்தொண்ணு," என்றாள்.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. புத்தாண்டுக்கு மாவு கேக்குகள் அவிக்க வேண்டும். முள்ளங்கி கேக், வெல்ல கேக், பொங்கி வெடிக்கிற மாவு கேக் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. அவியும்போது வீட்டில் யாரும் குரல் கொடுக்கக் கூடாது, வெந்துவிட்டதா என்று கேட்கவும் கூடாது, கேட்டால் கேக் பொங்காது, அந்த வருடம் வீடும் பொங்காது. இதிலெல்லாம் அவள் மாமியாரைவிடக் கண்டிப்பானவர் அந்தத் தெருவிலேயே இல்லை.

சனிக்கிழமை என்னுடைய கித்தான் காலணிகளைக் கழுவி, காய வைத்து, அவளிடம் கொடுத்தேன். அவள் காலுக்குக் கொஞ்சம் பெரிது. முனையில் செய்தித்தாள் திணித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பாட்டைப் போட்டுக்கொண்டு ஆறாவது நிறுத்தத்துக்கு வந்தபோது அவள் மழைச் சட்டையோடு நின்றிருந்தாள். சட்டையைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். உள்ளே நெஞ்சில் எண் அட்டை குத்தியிருந்தது. பிறகு ஓடினாள்.

பதினாலாவது நிறுத்தமான கோயில் வாசல் மேட்டிலிருந்து பார்த்தால் கீழே கடலோரச் சாலை தெரியும். அவள் பையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். தூரத்தில், மழைக்குள், சிவப்பும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாய் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க அக்கா. போய்க்கிட்டே இருக்காங்க."

அவள் கோயில் தூணைத் தொட்டாள். திரும்பி ஓடினாள்.

மத்தியானமும் வந்தாள். முதல் கேக் நன்றாக வந்திருக்கிறது என்றும், மாமியார் வாயே திறக்கவில்லை என்றும், குதிகாலில் தோல் போய்விட்டது என்றும் சொன்னாள். தூணைத் தொட்டாள், திரும்பினாள். லாய் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "வீடு போய்ச் சேந்தா பதினாலு முடிஞ்சுது. இன்னும் ஏழுதான், தங்கச்சி. நாக்க உள்ள வச்சுக்க," என்றார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஊரே நாற்காலியும் மெத்தையுமாகத் தெருவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் ஆயிற்று. அவளைத் தாண்டிப் போகவே முடியவில்லை. பையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வந்தாள். கொஞ்சம் நொண்டினாள். பதின்மூன்றாவது நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி வத்தியிருக்கும், அக்கா."

"ஒரு நிறுத்தம்தான் சுன்தாவ். நானூறு மீட்டர். தொட்டுட்டு வந்துரு."

"தெரியும்," என்றாள்.

பையை என் கையில் கொடுத்தாள். ஒரு கணம் மேட்டைப் பார்த்தாள். அவளுடைய கால்கள் திரும்பிவிட்டன. மழைச் சட்டை இருட்டுக்குள் இறங்கிப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது.

கோயில் வாசலுக்கு நாங்கள் வந்தபோது தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இறங்கிப் போய், கையுறையைக் கழற்றிவிட்டு, அவளுக்காக நான் தூணைத் தொட்டேன். போக வர எண்ணூறு மீட்டர் குறைகிறது தாயே, நீ சேர்த்துக்கொள் என்று கேட்டேன். அன்று கட்டை போட்டுப் பார்க்கவில்லை. சிரிப்பாளோ என்று பயம்.

மறுநாள் அவள் சொன்னது இதுதான். சந்துக்குள் அவள் நுழையும்போது மாமியார் நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்து, ஜன்னலோரம் வந்து நின்று, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். படியேறி உள்ளே போனால், சமையலறையில் குக்கர் இன்னும் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு, அக்கா."

தூணைத் தொட்டுத் திரும்ப அது போதுமாக இருந்திருக்கும். லாய் ஹாரன் அடித்தார்.

கேக் வெந்து பொத்தான் எழும்பிய பிறகுதான் மாமியார் வாய் திறந்தாராம். "மேல இருந்து பாத்தேன். ஓடிப்போறவ வீட்டப் பாத்து ஓடிவர மாட்டா." அவ்வளவுதான் சொன்னார். காலணிகளைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்தார். ஆனால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாகவேதான் இருந்தது. மறுநாள் அவள் படியிறங்கும்போது, "எவ்ளோ ஊத்தின?" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

புத்தாண்டுக்கு வந்த போஷெங், திரும்பிப் போகவில்லை. தைச்சுங் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவையும் மனைவியையும் அங்கே ஒரு உயரமான கட்டடத்துக்கு அழைத்துப் போவதாக முடிவாயிற்று. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சுன்தாவ் கடைசிப் பையோடு வந்தாள். என் கித்தான் காலணிகளைக் கழுவி, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். குதிகால் பக்கம் பழுப்பாக ஒரு கறை போகாமல் இருந்தது.

"அங்கயும் ஓடுவியாமா?" என்று கேட்டேன்.

பின்னால் நாலைந்து பேர் பையோடு காத்திருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது வழக்கம்போல அரை நிமிடம்தான்.

"அங்க வண்டி வராதாம், அக்கா. குப்பைய லிஃப்டுல அடித்தளத்துக்குக் கொண்டுபோய் வச்சாப் போதுமாம், தெருவுக்கே எறங்க வேணாமாம். நாங்க இருக்கப்போறது பத்தொன்பதாவது மாடி. படிக்கட்டு இருக்கான்னு போஷெங்கிட்ட கேட்டேன், இருக்குன்னாரு. குக்கர எடுத்துக்கிட்டுதான் போறேன்."